மங்கிய வானமும் வைணு பாப்புவும்



எங்க ஊரு நெட்டுக்குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் எண்ணூர் கழிமுகம். ராத்திரி மொட்டைமாடியில் ஏறி நின்றால் மேலே இருக்கிற விளக்குகளைவிடத் தரையில் இருக்கிற விளக்குகள்தான் அதிகம். துறைமுகத்து விளக்கு, தொழிற்சாலை விளக்கு, புகைபோக்கி உச்சியில் சிவப்பு விளக்கு. இதற்கு நடுவில் வானம் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். எங்க தாத்தா காலத்தில் விடிவெள்ளியையும் ஆறாமீனையும் பார்த்துக் கட்டுமரம் தள்ளினார்களாம். இப்போ நைனா கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அதனால் வானம் மங்கிப் போனதைப் பற்றிக் குப்பத்தில் யாருக்கும் பெரிய கவலை இல்லை.

கவலைப்பட்டது நானும் என் இரண்டு நண்பர்களும்தான். போன வருஷம் நாலரை அங்குலக் குழியாடி ஒன்றைக் காசு சேர்த்து வாங்கினோம். பிவிசி பைப்பை அறுத்துக் குழாய் ஆக்கினோம், ஒட்டுப்பலகையில் தாங்கி செய்தோம். தொலைநோக்கி தயார்! வியாழனைப் பார்த்து, கண் வைக்கும் லென்ஸில் செல்போனைப் பிடித்துப் படம் எடுத்தோம். வந்தது என்ன தெரியுமா? தண்ணீரில் விழுந்த எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு மஞ்சள் உருண்டை. அதுவும் நெளிந்துகொண்டே இருந்தது. பட்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. இந்த ஊரு வானத்தில் இதுக்கு மேல ஆகாது என்று மூட்டை கட்டி வைத்துவிட்டோம்.

அந்த நேரத்தில்தான் நூலகத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். வானம் சரியில்லை என்ற அதே பிரச்சினையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் அவர். அவர்தான் வைணு பாப்பு. அவரைப் பற்றி நம் மலரில் எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நம்ம ஊரில் பிறந்தவர்

முழுப் பெயர் மணலி கல்லாட் வைணு பாப்பு. மணலி என்றதும் நம்ம பஸ் போகிற மணலி என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய குடும்பப் பெயர். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்துத் தலச்சேரி. ஆனால் அவர் பிறந்தது நம் சென்னையில், 1927 ஆகஸ்டு 10 அன்று. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

தந்தை ஐதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். ஆகவே சிறுவன் பாப்புவுக்குத் தொலைநோக்கி ஓர் அதிசயப் பொருளாக இல்லை. நம்ம பிள்ளைகளுக்கு வலையும் துடுப்பும் எப்படியோ, அவருக்குத் தொலைநோக்கி அப்படி. கல்லூரி மாணவனாக இருக்கும்போதே ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை இரவிரவாகக் கவனித்து, அதைப் பற்றி ஆய்வுக் குறிப்புகளும் எழுதி வெளியிட்டார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அமெரிக்க வானியல் அறிஞர் ஹார்லோ ஷாப்லியின் கவனம் இந்த இளைஞர் மேல் விழுந்தது. ஐதராபாத் அரசின் உதவித்தொகையோடு 1949-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார் பாப்பு.

ஒரு புகைப்படம் தந்த புகழ்

போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1949 ஜூலை 2 அன்று இரவு வானத்தைப் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் செல்போன் ஏது? கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசியிருக்கும். அதைத் தொலைநோக்கியில் மாட்டி, வெகுநேரம் வெளிச்சம் வாங்கவிட்டு, இருட்டறையில் கழுவி எடுக்க வேண்டும். அப்படிக் கழுவிய தகட்டில் விண்மீன்களுக்கு நடுவே புதிதாக ஒன்று இருந்தது. அது ஒரு வால்மீன்! ஆசிரியர் பார்ட் போக், உடன் படித்த கார்டன் நியூகிர்க் ஆகியோரும் சேர்ந்து சரிபார்த்தார்கள். சூரியனை அது ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. பாப்பு-போக்-நியூகிர்க் வால்மீன் என்று இன்றும் பெயர் நிலைத்திருக்கிறது. அப்போது பாப்புவுக்கு வயது 21. நம்மைவிட மூணு வயசுதான் அதிகம்!

1952-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்பு கலிபோர்னியாவில் பலோமார் வானாய்வகத்தில் ஆய்வு செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே ஓலின் வில்சன் என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் கண்டது வில்சன்-பாப்பு விளைவு. சுருக்கமாகச் சொன்னால், ஒரு விண்மீனின் ஒளியைப் பிரித்து நிறமாலை ஆக்கினால் கால்சியம் உண்டாக்கும் ஒரு கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு தெரியும். அந்தக் கோடு எவ்வளவு அகலமோ அந்த விண்மீனின் உண்மையான பிரகாசமும் அவ்வளவு அதிகம். உண்மையான பிரகாசம் தெரிந்தால் தூரத்தைக் கணக்கிடலாம். 1957-இல் வெளியான இந்த முடிவு இன்றும் வானியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

காற்று ஏன் நெளிகிறது?

கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொல்கிறேன். இது புரிந்தால்தான் பாப்பு அடுத்து செய்ததன் அருமை புரியும்.

எரிகிற அடுப்புக்கு மேலாக எதிர்ச் சுவரைப் பாருங்கள், சுவர் நெளியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதுதான் காரணம். இரவு வானத்திலும் இதுதான் நடக்கிறது. பகலெல்லாம் வெயில் வாங்கிய காங்கிரீட் மாடி, ராத்திரி முழுக்கச் சூட்டை விடுகிறது. கடல் காற்றும் தரைக் காற்றும் மோதிக்கொள்கின்றன. வியாழன் நம் கண்ணுக்கு நிலாவின் குறுக்களவில் ஏறத்தாழ 40-இல் ஒரு பங்குதான். அவ்வளவு சின்ன வட்டத்தைப் பெரிதாக்கும்போது காற்றின் நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகிறது. இதோடு தூசு, ஈரப்பதம், நகர விளக்கு, மேகம். எவ்வளவு விலை கொடுத்துத் தொலைநோக்கி வாங்கினாலும் காற்று கெட்டால் படமும் கெடும்.

இதில் இரண்டு வகைத் தடை உண்டு. புகையும் விளக்கும் வானத்தை வெளுக்க வைக்கும். அதனால் மங்கலான விண்மீன்கள் மறைந்துபோகும். காற்றின் நடுக்கம் பிரகாசமான கிரகத்தையும் குழப்பிவிடும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு. நாங்கள் செய்த முதல் தப்பு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான்.

நல்ல வானத்தைத் தேடி

1953-இல் பாப்பு தாயகம் திரும்பினார். வெளிநாட்டிலேயே இருந்திருந்தால் உலகின் மிகச் சிறந்த கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். இங்கே வந்தால் என்ன இருந்தது? உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகம் 1954-இல் வாரணாசியில் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு பாப்புவிடம் வந்தது. கங்கைச் சமவெளியின் தூசும் புழுக்கமும் விண்மீன் ஆய்வுக்கு உதவாது என்று கண்டவர், வானாய்வகத்தையே நைனிடால் மலைக்கு மாற்றினார்.

1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார். இதற்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்டது மதராஸ் வானாய்வகம். அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது; அதில் தமிழிலும் எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். அந்த வானாய்வகத்தின் பணிதான் 1899-இல் கொடைக்கானல் மலைக்குப் போனது. ஆக, நம்ம ஊரில் தொடங்கிய வேலையின் வாரிசாகத்தான் பாப்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொடைக்கானல் சூரியனை ஆராய அருமையான இடம். ஆனால் இரவில் விண்மீன் பார்க்க அங்கே மேகம் தொல்லை. வேறு ஒருவராக இருந்தால் சூரிய ஆய்வே போதும் என்று இருந்திருப்பார். பாப்பு வேறு இடம் தேடினார். அவருக்கு மூன்று தேவைகள். மேகமில்லாத இரவுகள் அதிகம் இருக்க வேண்டும். நகர விளக்கு எட்டக் கூடாது. தென்வானத்து விண்மீன்களும் தெரிய, முடிந்தவரை தெற்கே இருக்க வேண்டும்.

தேடிக் கிடைத்த இடம் ஜவ்வாது மலையில் காவலூர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாகப் போக வேண்டும். உயரம் ஏறத்தாழ 725 மீட்டர்தான். கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. உயரமான இடம்தான் நல்ல இடம் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு நினைக்கவில்லை. வானத்தைக் கவனித்து, அளந்து, அதற்குப் பிறகே முடிவு செய்தார். தவிர, கிழக்கே ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கே தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவில் இருக்கிற பெரிய இடைவெளியைக் காவலூர் நிரப்பியது.  இதனால் என்ன பயன் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் பிறந்த தொலைநோக்கி

நண்பர்களே, லேத்திலும் பெஞ்ச் வைஸிலும் மல்லாடுகிற நமக்கு மிகவும் பிடிக்கக்கூடிய கட்டம் இதுதான். 1968-இல் காவலூர்க் காட்டில் முதலில் நின்றது 38 செ.மீ. தொலைநோக்கி. அது கொடைக்கானல் வானாய்வகத்தின் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யப்பட்டது. நம்ம தமிழ்நாட்டு மலையில், நம்மவர்கள் கையால்!

அடுத்து 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரத்து கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கொடைக்கானல் வானாய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாக ஆகியிருந்தது. இயக்குநர் பாப்புதான்.

ஆனால் வாங்கி வைத்ததோடு அவர் நிம்மதி அடையவில்லை. அதைவிடப் பெரிய தொலைநோக்கியை நாமே செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டார். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி! கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் இருந்த ஒளியியல் பட்டறை. எந்திரப் பாகங்களைச் செய்ததும் இந்தியத் தொழிற்சாலைதான். ஆடியின் வளைவில் வரும் பிழை, ஒளி அலையின் நீளத்தில் ஒரு சிறு பகுதிக்கு மேல் போகக் கூடாது. நம்ம மைக்ரோமீட்டரில் அந்த அளவைப் பார்க்கவே முடியாது. தேய்ப்பது, சோதிப்பது, மறுபடி தேய்ப்பது என்று வருஷக்கணக்கில் நடந்த வேலை. ஃபிட்டிங் வகுப்பில் ஒரு மணி நேரம் அரம் போட்டதுமே கை வலிக்கிறது என்று சொல்கிற நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிரகங்கள் சொன்ன சேதி

இப்போது கிரகங்களுக்கு வருவோம். காற்று நெளிகிறபோது கிரகத்தின் படம் கலங்கும் என்றேன். படம் கலங்கினாலும் தகவல் எடுக்க ஒரு வழி உண்டு. ஒரு கிரகமோ அதன் துணைக்கோளோ நகர்ந்து போகும்போது பின்னால் இருக்கிற விண்மீனை மறைக்கும். அந்த நேரத்தில் விண்மீனின் ஒளி எப்படிக் குறைகிறது என்று ஒளிமானியால் அளந்தால் போதும். இந்த மறைப்பு பூமியில் எல்லா இடத்திலும் தெரியாது. சரியான நேரத்தில், சரியான இடத்தில் இரவாக இருக்க வேண்டும். காவலூர் இருக்கும் இடத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது.

1972 ஜூன் 7. ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்த புதிது. வியாழனின் பெரிய துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யா அதை அளந்தார், இந்தோனேசியாவிலும் அளந்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது என்ற முடிவு அந்த அளவீடுகளிலிருந்து வந்தது. பின்னாளில் 1979-இல் வாயேஜர் விண்கலம் அருகில் போய்ப் பார்த்தபோது, வளிமண்டலம் இருந்தாலும் முதலில் நினைத்ததைவிட மிக மிக மெலிதாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. அறிவியல் இப்படித்தான், ஒரு படி முன்னே வைத்துவிட்டு மறுபடி சரிபார்க்கும்.

1977 மார்ச் 10. இந்த முறை யுரேனஸ். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் எலியட் குழுவினர் காற்றின் தொல்லையே வேண்டாம் என்று தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றி, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தார்கள். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் தரையில் நின்று அதே விண்மீனை அளந்தார்கள். யுரேனஸ் நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்றே காவலூர்க்காரர்கள் முதலில் எண்ணி எழுதினார்கள். பிறகு எலியட் குழுவின் அளவீடுகள் வளையங்களைக் காட்டின. பாப்புவும் பட்டாச்சார்யாவும் தங்கள் பதிவை மறுபடி எடுத்து, நடுக்கத்துக்குள் ஒளிந்திருந்த சின்னச் சின்ன இறக்கங்களையும் ஆராய்ந்தார்கள். யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போல வளையத் தொகுதி இருக்கிறது என்று அதே ஆண்டில் எழுதினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. பதிவில் இல்லாததைச் சேர்க்கவும் இல்லை. இருக்கிற பதிவுக்கே திரும்பிப் போய், இன்னும் பொறுமையாகப் பார்த்தார்கள்.

முடியாத வேலை

1970-இல் பட்நாகர் விருது, 1981-இல் பத்மபூஷண் என்று பெருமைகள் வந்தன. 1979-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலக வானியலாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்புக்கு ஓர் இந்தியர் தலைவர்!

ஆனால் காலம் அவருக்கு நிறையக் கொடுக்கவில்லை. 1982 ஆகஸ்டில் அந்த ஒன்றியத்தின் பேரவை கிரேக்க நாட்டில் பட்ராஸ் நகரில் கூடியது. தலைவர் பாப்பு அங்கே இல்லை. ஜெர்மனியில் மூனிச் நகரில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆகஸ்டு 19 அன்று உயிர் நீத்தார். வயது 55. தான் திட்டமிட்ட பெரிய தொலைநோக்கி வானத்தைப் பார்ப்பதை அவர் பார்க்கவில்லை.

அவர் பழக்கி விட்ட கைகள் வேலையை நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து, வைணு பாப்பு தொலைநோக்கி என்று பெயர் சூட்டினார். எங்கள் பிவிசி பைப் தொலைநோக்கியைவிட ஏறத்தாழ 420 மடங்கு ஒளியைத் திரட்டும் தொலைநோக்கி அது. ஓர் ஆளோடு முடிந்துபோகாத வேலையைத் தொடங்கி வைத்தார் பாருங்கள், அதுதான் அவருடைய பெரிய சாதனை என்பது என் கருத்து.

மறுபடி மொட்டைமாடி

இதைப் படித்த பிறகு மூட்டையைப் பிரித்தோம். இந்த முறை வானத்தைத் திட்டவில்லை, கவனித்தோம். மாடிக் காங்கிரீட்டை விட்டுவிட்டுக் கடற்கரை மணலில் தொலைநோக்கியை வைத்தோம். மணல் சீக்கிரம் ஆறிவிடுகிறது. குழாய் குளிர ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கிரகம் அடிவானத்தில் இருக்கும்போது எடுக்காமல் உச்சிக்கு வரும்வரை பொறுத்தோம். மேலே ஏற ஏற, ஒளி கடந்து வரும் காற்று குறைகிறது அல்லவா? ஒரே படம் எடுப்பதை விட்டு மூன்று நிமிஷம் வீடியோ எடுத்தோம். அதில் சில ஆயிரம் படங்கள் இருக்கும். காற்று அசையாமல் நின்ற கணத்துப் படங்களை மட்டும் இலவச மென்பொருளால் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தோம். நடுக்கம் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு. கிரகம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. சராசரியில் நடுக்கம் கரைந்து போய்க் கிரகம் மிஞ்சும். லென்ஸில் படிந்த உப்புப் பனியைத் துடைத்துத் துடைத்துப் பதினோராம் ராத்திரியில்தான் வெற்றி கிடைத்தது. வியாழனில் இரண்டு பட்டைகள்!

நம் பேரவைக் கண்காட்சிக்கு அந்தப் படத்தைக் கொடுத்தபோது, இது ரொம்ப மங்கலாக இருக்கிறது, இணையத்திலிருந்து நல்ல படம் ஒன்று எடுத்து மாட்டிவிடலாம் என்று சிலர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. செல்போனில் இப்போது இல்லாத பட்டையையே வரைந்து கொடுக்கிற வசதியும் வந்துவிட்டது. ஆனால் காவலூர்க்காரர்கள் பழைய பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. எங்க படத்தையே மாட்டினோம். கீழே நாள், நேரம், இடம் நெட்டுக்குப்பம் என்று எழுதினோம்.

கண்காட்சிக்கு நைனா வந்தார். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அவர் பாலிடெக்னிக் வாசலைத் தாண்டியதும் அன்றுதான் முதல் முறை. படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி கடலுக்குக் கிளம்பும்போது மேலே பார்த்து, அது எது என்று விரலால் காட்டிக் கேட்டார். வியாழன் என்று காட்டினேன்.

நண்பர்களே, நம் ஊரு வானம் மங்கலானதுதான். அதை மறைக்க வேண்டாம். வாரணாசி வானமும் மங்கலாகத்தான் இருந்தது. எவ்வளவு மங்கல் என்று அளந்து, அதற்குத் தக்கபடி கருவியையும் இடத்தையும் நேரத்தையும் தேர்ந்து, பொறுமையாகக் காத்திருந்தால் கிரகம் தன் முகத்தைக் காட்டும். வைணு பாப்புவின் வாழ்க்கை எனக்குச் சொன்னது இதுதான்.

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)